நீராவிக் கப்பலும் அரசின் தபால் ஒப்பந்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கடித உறைகளைச் சேகரிப்பவர்களும், கப்பல் கம்பெனிகளின் வரலாற்றைப் படிப்பவர்களும், 19ஆம் நூற்றாண்டுச் சென்னை, கொழும்பு பற்றித் தேடுபவர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் "தபால் ஒப்பந்தம்" என்ற சொல்லில் வந்து நிற்கிறார்கள். வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் பிரிட்டிஷ் ஒப்பந்தங்களைப் பற்றியே பேசுகிறோம். சென்னைக்கும் இலங்கைக்கும் வந்த தபால் அவற்றின்படிதான் வந்தது. ஒப்புநோக்க உதவும் இடங்களில் அமெரிக்காவையும் பிற நாடுகளையும் தொட்டுச் செல்கிறோம்.

தபால் ஒப்பந்தம் என்பது கடிதங்களை ஏற்றிச் செல்வதற்கான கூலிதானே?

பெயரளவில் அப்படித்தான். ஆனால் ஒரு கடிதத்துக்கு இவ்வளவு, ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்த கூலி அல்ல அது. இன்ன துறைமுகத்திலிருந்து இன்ன தேதியில், இன்ன வேகத்துக்குக் குறையாத கப்பல், சரக்கு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும், பயணிகள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் புறப்பட வேண்டும் என்பதற்காக அரசு ஆண்டுதோறும் ஒரு கம்பெனிக்குக் கட்டிய மொத்தத் தொகை அது. கப்பலில் பத்து மூட்டை போனாலும் ஆயிரம் மூட்டை போனாலும் தொகை ஒன்றுதான்.

எனவே அரசு வாங்கியது கால அட்டவணையை என்று சொல்வதே சரி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், தபால் வருமானத்தோடு ஒட்டவே ஒட்டாத பெருந்தொகைகள் ஏன் கைமாறின என்பது விளங்கும்.

ஒப்பந்தங்களுக்கு முன் வெளிநாட்டுக் கடிதங்கள் எப்படிப் போயின?

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அரசே நடத்திய "பாக்கெட்" எனப்பட்ட தபால் பாய்மரக் கப்பல்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஃபால்மத் துறைமுகத்திலிருந்து அவை 17ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் புறப்பட்டுக்கொண்டிருந்தன. 1823இல் அவற்றின் பொறுப்பு அஞ்சல் துறையிடமிருந்து, அட்மிரால்டி எனப்படும் கடற்படை நிர்வாகத்துக்குப் போயிற்று. கடற்படை அனுப்பிய சிறிய கப்பல்கள் அடிக்கடி மூழ்கியதால், மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டிகள் என்றே அழைத்தார்கள்.

இன்னொரு வழி, அந்தப் பக்கமாகப் போகும் ஏதாவது ஒரு வணிகக் கப்பலின் தலைவரிடம் கடிதப் பையை ஒப்படைப்பது. கரை சேர்ந்ததும் கடிதத்துக்கு இவ்வளவு என்று அவருக்குச் சிறு தொகை கிடைக்கும். கப்பல் எப்போது புறப்படும் என்பதைச் சரக்கும் காற்றும் தீர்மானித்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்கு ஒரு கடிதம் வந்து சேர நான்கு முதல் ஆறு மாதம் ஆயிற்று. பதில் போய்ச் சேருவதற்குள் ஆண்டு ஒன்று கழிந்துவிடும்.

முதல் பெரிய ஒப்பந்தம் எது?

பிராடி வில்காக்ஸ், ஆர்தர் ஆண்டர்சன் என்ற இருவரின் பெனின்சுலர் கம்பெனியோடு 1837 ஆகஸ்ட் 22 அன்று கையெழுத்தானதைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் துறைமுகங்கள் வழியாக ஜிப்ரால்டர் வரை வாரந்தோறும் தபால் கொண்டுபோக ஆண்டுக்கு 29,600 பவுண்டு. சேவை தொடங்கிய சில நாட்களிலேயே, செப்டம்பர் 15 அன்று, கம்பெனியின் புதிய கப்பலான டான் ஜுவான் பனிமூட்டத்தில் ஸ்பெயினின் தாரிஃபா அருகே பாறையில் ஏறி உடைந்தது. ஆண்டர்சன் தம் மனைவியோடு அதே கப்பலில் இருந்தார். கப்பல் போனாலும் தபாலைக் கரை சேர்த்துவிட்டார்கள்.

இந்தக் கம்பெனிதான் 1840இன் கடைசி நாளில் அரச சாசனம் பெற்று, "பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல்", சுருக்கமாக பி அண்ட் ஓ, ஆயிற்று. நம் பக்கத்துக் கதையில் பெரும்பகுதி இதனுடையது.

அதே சில ஆண்டுகளுக்குள் இன்னும் இரண்டு பெரிய ஒப்பந்தங்கள் வந்தன. கனடாவின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த சாமுவேல் க்யூனார்டு 1839இல் லிவர்பூல், ஹாலிஃபாக்ஸ், பாஸ்டன் வழிக்கு ஒப்பந்தம் பெற்றார். அவருடைய முதல் தபால் கப்பலான பிரிட்டானியா 1840 ஜூலை 4 அன்று புறப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளுக்கான ராயல் மெயில் ஸ்டீம் பாக்கெட் கம்பெனிக்கு ஆண்டுக்கு 2,40,000 பவுண்டு என்று முடிவாயிற்று. அக்காலக் கணக்கில் அது திகைக்க வைக்கும் தொகை.

தபால் ஒப்பந்தத்தில் கடற்படை ஏன் கையெழுத்திட்டது?

பாக்கெட் கப்பல்கள் ஏற்கெனவே அதன் பொறுப்பில் இருந்தன என்பது நேரான காரணம். உள்ளே இன்னொரு கணக்கும் இருந்தது. வேகமான நீராவிக் கப்பல்களைச் சமாதான காலத்தில் கட்டி வைத்துப் பராமரிக்கக் கடற்படையிடம் பணம் இல்லை. தபால் கம்பெனிகள் அவற்றைக் கட்டட்டும், தேவைப்படும்போது நாம் எடுத்துக்கொள்வோம் என்பதே எண்ணம். ஆகவே ஒப்பந்தக் கப்பல்கள் பீரங்கி தாங்கும் உறுதியோடு இருக்க வேண்டும், கடற்படையின் ஆய்வுக்கு உட்பட வேண்டும், போர் வந்தால் அரசு அவற்றை வாடகைக்கோ விலைக்கோ எடுத்துக்கொள்ளலாம் என்ற விதிகள் சேர்ந்தன.

ஒரே பணத்துக்கு இரண்டு வேலை வாங்கும் இந்த ஏற்பாடு காகிதத்தில் அழகாக இருந்தது. சோதனை வந்தபோது இரண்டும் ஒன்றோடொன்று மோதின. 1852இல் பி அண்ட் ஓ சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தபால் சேவை தொடங்கியது. 1854இல் கிரிமியப் போர் வந்ததும் படைகளையும் குதிரைகளையும் ஏற்றக் கப்பல்கள் போய்விட்டன. ஆஸ்திரேலியத் தபால் அப்படியே நின்றது. அங்கிருந்த குடியேறிகள் போட்ட கூச்சலில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. வழக்கமாக வரும் தபாலுக்காகப் பணம் கட்டிவிட்டு, போர்க்காலத்தில் அந்த வழக்கத்தையே கைவிடும் உரிமையையும் சேர்த்து எழுதி வைப்பது முரண்பாடுதான்.

1860இல் ஒப்பந்தங்களின் பொறுப்பு மீண்டும் அஞ்சல் துறைக்கு வந்தது.

ஒப்பந்தத்தில் வேறு என்னென்ன நிபந்தனைகள் இருந்தன?

எத்தனை கப்பல், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எத்தனை குதிரைத்திறன், எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் நிற்கலாம், தாமதித்தால் எவ்வளவு அபராதம், அரசு ஊழியர்களையும் படையினரையும் என்ன கட்டணத்தில் ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கும். புயல், விபத்து போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எது விலக்கு, எது சாக்கு என்பதில்தான் கம்பெனிக்கும் அரசுக்கும் வாக்குவாதம் ஓயாமல் நடந்தது.

கப்பலில் அரசின் கண்ணாக ஒருவர் இருந்தார். தொடக்க ஆண்டுகளில் கடற்படை அதிகாரி ஒருவர் தபாலின் பொறுப்பாளராக உடன் பயணம் செய்தார். மூட்டைகள் அவர் பொறுப்பில். துறைமுகத்தில் தபாலோடு கரைக்குப் போகவும் வரவும் அவருக்குத் தனிப் படகு. புறப்பாடு தள்ளிப்போனால் குறித்துக்கொள்பவரும் அவரே. கப்பல் தலைவருக்கு இவரைக் கண்டாலே எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

நேரம் தவறாமை எவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டது என்பதற்கு 1844 பிப்ரவரியில் பாஸ்டனில் நடந்ததைச் சொல்வார்கள். துறைமுகம் உறைந்துபோய் பிரிட்டானியா சிக்கிக்கொண்டபோது, நகர வணிகர்கள் தங்கள் செலவிலேயே பனிக்கட்டியை அறுத்து ஏறத்தாழ 7 மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டிக் கப்பலை வெளியே அனுப்பினார்கள். தபால் கப்பல் நியூயார்க்குக்கு மாறிப்போய்விடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு.

இங்கிலாந்திலிருந்து சென்னைக்குத் தபால் எந்த வழியாக வந்தது?

1840களில் அது பல கைகள் மாறி வந்தது. சௌத்தாம்டனிலிருந்து கப்பலில் அலெக்சாந்திரியா. அங்கிருந்து கால்வாய்ப் படகிலும் நைல் நதிப் படகிலும் கெய்ரோ. கெய்ரோவிலிருந்து பாலைவனம் கடந்து, ஒட்டகங்களின் முதுகில் சூயஸ். சூயஸில் இன்னொரு கப்பல் காத்திருக்கும். ஏடன், இலங்கையின் காலித் துறைமுகம் வழியாகச் சென்னை, பிறகு கொல்கத்தா. இந்தப் பிற்பாதி வழிக்காக பி அண்ட் ஓ கம்பெனியின் ஹிந்துஸ்தான் கப்பல் 1842 செப்டம்பரில் சௌத்தாம்டனிலிருந்து புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கே வந்து சேர்ந்தது. அடுத்து வந்த ஒப்பந்தத்தில் சூயஸ், இலங்கை, சென்னை, கொல்கத்தா வழிக்கு ஆண்டுக்கு 1,15,000 பவுண்டும், இலங்கையிலிருந்து ஹாங்காங் வரைக்கும் 45,000 பவுண்டும் என்று தீர்ந்தது. பம்பாய், சூயஸ் வழியை மட்டும் கிழக்கிந்தியக் கம்பெனி 1854 வரை தன் கையிலேயே வைத்திருந்தது. 1830 மார்ச் 20 அன்று பம்பாயிலிருந்து கிளம்பிய ஹியூ லிண்ட்சே என்ற நீராவிக் கப்பல் 33 நாளில் சூயஸை அடைந்து அந்த வழியைத் திறந்து வைத்திருந்ததால், அதை விட்டுக்கொடுக்கக் கம்பெனிக்கு மனம் வரவில்லை.

அவசரக்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருந்தது. பிரான்சைத் தரைவழியாகக் கடந்து மார்செய் துறைமுகத்தில் ஏற்றினால் கடிதம் சில நாள் முன்னதாகவே வந்துவிடும். கட்டணம் கூடுதல். அக்காலக் கடித உறைகளில் "மார்செய் வழி", "சௌத்தாம்டன் வழி" என்று கையால் எழுதியிருப்பது இதனால்தான். எடைக்குத் தகுந்த கட்டணம் என்பதால், மறுபக்கம் தெரியும் அளவு மெல்லிய தாளில் நெருக்கி எழுதினார்கள்.

இத்தனையும் கடந்து வந்த தபால் சென்னைக் கரைக்கு எதிரே வந்து நின்றுவிடும். 1840களில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. லட்சக்கணக்கான பவுண்டு மானியத்தில் ஓடிய கப்பல் அலை உடையும் வரிசைக்கு வெளியே நங்கூரமிட, ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகள் மூட்டைகளை வாங்கிக்கொண்டு அலைமேல் ஏறி இறங்கிக் கரைக்கு வரும். படகு போக முடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர்கள் போனார்கள். பாயால் முடைந்த, நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடலில் இறங்கினார்கள். அலை புரட்டிப் போட்டாலும் நீந்தி மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்வார்கள். ஒப்பந்தத்தின் கடைசி ஒரு மைல் இவர்களுடையது. அவர்களுக்குக் கிடைத்தது மானியம் அல்ல, அன்றைய கூலி.

காலித் துறைமுகம் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று?

அது சந்தி. சூயஸிலிருந்து வரும் வழி காலியில் பிரிந்து, ஒரு கிளை சென்னை, கொல்கத்தாவுக்கும், இன்னொன்று பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங்குக்கும், பிற்பாடு ஒன்று ஆஸ்திரேலியாவுக்கும் போயிற்று. ஒரு கப்பலிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்றும் தபால், நிலக்கரிக் குவியல், மாறி ஏறும் பயணிகள் என்று கோட்டைக்குள் இருந்த சிறிய ஊர் பரபரப்பாயிற்று. தந்தி வருவதற்கு முன், காலிக்குக் கப்பலில் வந்த ஐரோப்பியச் செய்திகளைக் கொழும்புப் பத்திரிகை ஒன்று புறாக்களின் காலில் கட்டி அனுப்பிப் பெற்றுக்கொண்டது. 1870களில் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழும்பத் தொடங்கியபின், 1882இல் பி அண்ட் ஓ கொழும்புக்கு மாறியது. அதோடு காலியின் அந்தக் காலம் முடிந்தது.

சூயஸ் கால்வாய் திறந்ததும் தபால் உடனே அதன் வழியாகப் போகத் தொடங்கியதா?

இல்லை. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் வேடிக்கையாகத் தெரியும் பகுதி இதுதான். கால்வாய் 1869 நவம்பரில் திறந்தது. ஒப்பந்தமோ அதற்கு முன் எழுதப்பட்டது. அலெக்சாந்திரியாவிலிருந்து சூயஸ் வரை தபால் ரயிலில் போக வேண்டும் என்பது ஏற்பாடு. கால்வாயை நம்ப அஞ்சல் துறை தயாராக இல்லை, எங்கேயாவது கப்பல் தரைதட்டி நின்றால் தபால் தாமதமாகும் என்றது. ஆகவே பி அண்ட் ஓ கப்பல் அலெக்சாந்திரியாவில் தபாலை இறக்கும். தபால் ரயிலில் போகும். அதே கப்பல் சரக்கோடு கால்வாயைக் கடந்து வந்து, சூயஸில் அதே தபாலை மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

கம்பெனி விதியைத் தளர்த்தக் கேட்டபோது, உங்களுக்குச் செலவு மிச்சமாகிறதே, மானியத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அஞ்சல் துறை பேரம் பேசியது. 1874இல் கனமான தபால் மட்டும் கால்வாய் வழியாகப் போக இணக்கம் ஏற்பட்டது. விரைவுத் தபாலும் முழுமையாகக் கால்வாய்க்கு மாறியது 1888இல். கால்வாய் திறந்து கிட்டத்தட்ட 19 ஆண்டு.

இதற்கிடையே இந்தியத் தபால் சென்னையை விட்டு விலகிவிட்டது. 1868 முதல் வாராந்திரக் கப்பல் பம்பாய்க்கு வந்தது. 1870, 1871 ஆண்டுகளில் பம்பாயிலிருந்து கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் ரயில் பாதைகள் இணைந்தன. ஐரோப்பாவிலும் தபால் ரயிலில் இத்தாலியின் பிரிண்டிசி வரை வந்து கப்பல் ஏறிற்று. அதன்பின் சென்னைவாசிக்கு லண்டன் கடிதம் வந்த திசை மேற்கே, ரயில் நிலையத்திலிருந்து.

தபால்தலை வருமானத்தில் இந்தச் செலவு கட்டுபடியாயிற்றா?

பெரும்பாலான வழிகளில் ஆகவில்லை. 1850களின் தொடக்கத்தில் பிரிட்டன் இந்த ஒப்பந்தங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் பவுண்டு செலவிட்டது. நீராவிக் கப்பலின் பெரிய செலவு நிலக்கரி. வேல்ஸ் நாட்டு நிலக்கரியைப் பாய்மரக் கப்பல்களில் முனையைச் சுற்றி அனுப்பி ஏடனிலும் காலியிலும் குவித்து வைக்க வேண்டியிருந்தது. கிழக்கே போகும் நீராவிக் கப்பல் சரக்குக் கூலியை மட்டும் நம்பி இதைத் தாங்கியிருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மானியம் எங்கே தேவையாக இருந்து எங்கே வெறும் லாபமாக மாறியது என்பதைக் கோடு போட்டுக் காட்டுவது கடினம்.

1867இல் பி அண்ட் ஓ கம்பெனியோடு எழுதிய ஒப்பந்தம் இதற்கு நல்ல சான்று. அடிப்படை மானியம் ஆண்டுக்கு 4 லட்சம் பவுண்டு. பங்குதாரர்களுக்கு 8 சதவீத ஈவுத்தொகை கொடுக்க முடியாமல் போனால், பற்றாக்குறையை அரசு 1 லட்சம் பவுண்டு வரை ஈடு செய்யும். லாபம் அதைத் தாண்டினால் அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. கடிதம் சுமப்பதற்கான ஒப்பந்தத்தில் பங்குதாரரின் ஈவுத்தொகைக்கு உத்தரவாதம்! மூன்றே ஆண்டில், 1870இல், இதைக் கைவிட்டு 4,50,000 பவுண்டு என்று நிலையான தொகைக்கு மாறினார்கள்.

ஒப்பந்தப்புள்ளி கோரிக் குறைந்த தொகை கேட்டவருக்குக் கொடுத்தார்களா?

விளம்பரம் கொடுத்தார்கள். முடிவு எப்போதும் விளம்பரத்தின்படி இல்லை. அட்லாண்டிக் வழிக்கு 1838இல் புள்ளி கோரினார்கள். வந்தவற்றை நிராகரித்தார்கள். பிறகு வந்த க்யூனார்டோடு நேரில் பேசி முடித்தார்கள். ஏற்கெனவே நியூயார்க்குக்கு நீராவிக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி, அரசுப் பணம் பெறுபவரோடு தன்னால் போட்டியிட முடியாது என்று குறைப்பட்டுக்கொண்டது. 1846இல் நாடாளுமன்றக் குழு விசாரித்து, க்யூனார்டுக்குச் சாதகமாகவே முடித்தது.

புதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தும் பட்டார்கள். 1857இல் தொடங்கிய ஆஸ்திரேலிய வழியின் சேவையை யூரோப்பியன் அண்ட் ஆஸ்திரேலியன் என்ற புதுக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 1,85,000 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். போதிய கப்பல் இல்லை, தாமதம், அபராதம், நஷ்டம் என்று அடுத்த ஆண்டே கம்பெனி கவிழ்ந்தது. வழி மறுபடி பி அண்ட் ஓ கைக்கு வந்தது. அயர்லாந்தின் கால்வே துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 78,000 பவுண்டு என்று 1859இல் கொடுத்த ஒப்பந்தம் அரசியல் காரணத்துக்காகத் தரப்பட்டது என்ற புகார் எழுந்து விசாரணை வரை போயிற்று. கப்பல்களும் சரியாக ஓடவில்லை. 1861இல் ரத்து, 1863இல் மீண்டும், 1864இல் முடிவு.

தோற்ற கம்பெனிகளைக் காட்டி, பழைய கம்பெனிகளே நம்பகமானவை என்று வாதிடுவது வழக்கமாயிற்று. ஓரளவு அது சரி. ஆனால் இருபது ஆண்டு மானியத்தில் கப்பல்களும் நிலக்கரிக் கிடங்குகளும் சேர்த்துவிட்ட ஒருவரோடு, ஒன்றுமில்லாத ஒருவரை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்க அரசும் இப்படிச் செய்ததா?

செய்தது, இன்னும் ஆரவாரமாக. க்யூனார்டை முறியடிக்க வேண்டும் என்பதற்காகவே 1847இல் எட்வர்டு காலின்ஸுக்கு ஆண்டுக்கு 20 பயணங்களுக்கு 3,85,000 டாலர் என்று ஒப்பந்தமாயிற்று. 1852இல் அது 26 பயணங்களுக்கு 8,58,000 டாலராக உயர்ந்தது. காலின்ஸின் நான்கு கப்பல்களும் வேகமானவை, ஆடம்பரமானவை. அந்த வேகத்துக்காக இயந்திரங்கள் ஒவ்வொரு பயணத்திலும் நைந்துபோயின. 1854 செப்டம்பர் 27 அன்று ஆர்க்டிக் என்ற கப்பல் பனிமூட்டத்தில் ஒரு சிறிய பிரெஞ்சுக் கப்பலோடு மோதி மூழ்கியது. பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. காலின்ஸின் மனைவியும் இரு குழந்தைகளும் அதில் இருந்தார்கள். 1856 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து புறப்பட்ட பசிபிக் சுவடின்றி மறைந்தது. நாடாளுமன்றம் மானியத்தை வெட்டியது. 1858இல் கம்பெனி நின்றது.

அதற்குப் பின்னும் அமெரிக்கா முயன்றது. 1867இல் பசிபிக் மெயில் கம்பெனிக்கு ஜப்பான், சீன வழிக்காக ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் கிடைத்தது. அதை இரட்டிப்பாக்க 1872இல் லஞ்சம் கொடுத்தது பின்னர் வெளிப்பட்டு ஊர் சிரித்தது. 1891 சட்டம் கப்பலின் அளவையும் வேகத்தையும் பார்த்து, மைலுக்கு இவ்வளவு என்று வகைபிரித்தது. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் ஓடும் முதல் வகைக்கு மைலுக்கு 4 டாலர். 1928 சட்டத்தின் ஒப்பந்தங்களை 1930களில் செனட்டர் ஹியூகோ பிளாக் தலைமையிலான குழு ஆராய்ந்தபோது, சில பவுண்டு எடைத் தபாலுக்குப் பெருந்தொகை வாங்கிய கம்பெனிகள் அகப்பட்டன. 1936இல் தபால் என்ற திரையை விலக்கிவிட்டு, நேரடிக் கப்பல் மானியம் என்றே சட்டம் எழுதினார்கள். அதுவே நேர்மையான வழி என்பது என் கருத்து.

பிரான்சு, ஜெர்மனி?

பிரெஞ்சு அரசின் ஒப்பந்தம் பெற்ற மெஸாஜெரி கம்பெனி 1860களில் இந்தோசீனா வரை வந்தது. காலியிலிருந்து புதுச்சேரி, சென்னை, கொல்கத்தாவுக்கு அதற்கொரு கிளை வழி இருந்தது. ஜெர்மனி 1885இல் சட்டம் இயற்றி, பிரேமனின் நார்த் ஜெர்மன் லாயிடு கம்பெனிக்கு கிழக்காசியா, ஆஸ்திரேலிய வழிகளைக் கொடுத்தது. உச்சவரம்பு ஆண்டுக்கு 44 லட்சம் மார்க்.

கப்பலிலேயே தபாலைப் பிரித்தார்களா?

சில வழிகளில் பிரித்தார்கள். ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையே ஓடிய கப்பல்களில் 1868 முதல் முதல் உலகப் போர் வரை கடல் அஞ்சல் நிலையம் ஒன்று இயங்கியது. இந்திய அஞ்சல் துறை ஊழியர்கள் ஏடனில் ஏறி, பம்பாய் வருவதற்குள் மூட்டைகளை அவிழ்த்து, கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டி முடிக்க வேண்டும். கப்பல் கரை தொட்டதும் கட்டுகள் நேரே ரயிலுக்குப் போகும். பருவக்காற்று மாதங்களில், கீழ்த்தளத்தின் புழுக்கத்தில், ஆடும் தரையில் நின்றுகொண்டு, எண்ணெய் விளக்கில் கிறுக்கல் முகவரிகளைப் படிக்கும் வேலை. கப்பல் வேகமாக ஓடினால் அவர்களுக்குத்தான் நேரம் குறையும்.

"ஆர்.எம்.எஸ்." என்ற எழுத்துகளுக்கு என்ன பொருள்?

அரச அஞ்சல் கப்பல் என்று பொருள். பிரிட்டிஷ் தபால் ஒப்பந்தத்தின்கீழ் ஓடும் கப்பலின் பெயருக்கு முன்னால் போடுவது. டைட்டானிக் அப்படிப்பட்ட ஒன்று. அதில் 3,000க்கும் மேற்பட்ட தபால் மூட்டைகளும், இரண்டு பிரிட்டிஷ், மூன்று அமெரிக்க அஞ்சல் ஊழியர்களும் இருந்தனர். ஐவருமே இறந்தனர். நம்மூர் ரயிலில் ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருப்பது ரயில்வே மெயில் சர்வீஸ். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தூத்துக்குடி, கொழும்பு கப்பல்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கொல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் சுமக்கும் ஒப்பந்தத்தை நம்பி வில்லியம் மெக்கினன் 1856இல் தொடங்கிய கம்பெனி, 1862இல் இந்தியக் கரையோரத் தபால் ஒப்பந்தங்களோடு பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் தூத்துக்குடி, கொழும்பு வழியில் எதிர்கொண்டது இந்த பி.ஐ. கம்பெனியைத்தான். சுதேசிக் கப்பலுக்கு ஆள் போகாமலிருக்க அது கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இலவசமாகவே ஏற்றவும் முன்வந்த கதை தமிழர்களுக்குத் தெரியும். ஒரு வழியில் அப்படி நஷ்டப்பட முடிந்ததற்கு, பல வழிகளில் ஆண்டுதோறும் உறுதியாக வரும் அரசுப் பணமும் ஒரு பலம் என்று கொள்வதில் தவறில்லை. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி லண்டனில் வைத்த முறையீட்டின் சாரமும் இதுவேதான்.

"போட் மெயில்" என்ற பெயரும் இந்தக் காலத்தின் மிச்சமே. சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க் கப்பலைப் பிடிக்கும் ரயிலாக இருந்து, 1914 முதல் தனுஷ்கோடிக்குப் போய், தலைமன்னார் கப்பலைப் பிடிக்கும் ரயிலாக மாறியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின்னும், கப்பல் இல்லாத ரயிலுக்கு அந்தப் பெயரே நிலைத்தது.

இந்த ஒப்பந்தங்கள் எப்போது முடிந்தன?

ஒரே நாளில் முடியவில்லை. அட்லாண்டிக்கில் கப்பல்கள் பெருகியபின், எடைக்கு இவ்வளவு என்று கொடுத்தாலே போதும் என்ற நிலை வந்தது. 1903இல் பிரிட்டிஷ் அரசு க்யூனார்டு கம்பெனிக்கு 26 லட்சம் பவுண்டு கடனும் ஆண்டுக்கு 1,50,000 பவுண்டும் கொடுத்து, 24½ நாட் வேகத்தில் ஓடும் இரண்டு கப்பல்களைக் கட்டச் சொன்னது. லூசிட்டானியாவும் மொரிட்டேனியாவும் பிறந்தது அப்படித்தான். அதில் தபாலைவிடக் கடற்படையின் தேவையே மேலோங்கியிருந்தது.

பிறகு விமானம் வந்தது. 1929இல் லண்டன், கராச்சி விமானத் தபால் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலோடு பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்த ஒப்பந்தத்தில் மானியம் கிடையாது, சுமந்த தபாலுக்குக் கூலி மட்டுமே.

சௌத்தாம்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வியாழன்தோறும் மாலை 4 மணிக்குக் கிளம்பிய யூனியன் காசில் தபால் கப்பல்கள் 1977 வரை ஓடின. அதற்குப் பின்னும் ஒன்று மிஞ்சியது. தென் அட்லாண்டிக்கிலுள்ள செயின்ட் ஹெலினா தீவில் விமான நிலையம் இல்லாததால், தீவின் பெயரையே தாங்கிய ஆர்.எம்.எஸ். கப்பல்தான் அங்கே தபாலையும் மளிகையையும் மனிதர்களையும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. 2017 அக்டோபரில் வாராந்திர விமானம் இறங்கத் தொடங்கியது. 2018 பிப்ரவரியில் அந்தக் கப்பல் தீவிலிருந்து கடைசி முறையாகப் புறப்பட்டது.